செவிட்டு எலிகளுக்காக ஒரு சண்டை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று உம்மா சொல்லுவா. பொய்யில்லை. ஆனால் அன்றைக்குக் கூட்டத்தில் வந்தது நியாயமான கோபம். இன்றைக்கும் அதில் ஒரு சொட்டைக்கூட நான் விட்டுத்தர மாட்டேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் எங்கள் வளாகத்தின் ஆய்வுக் குழு. நடுவில், எங்களை மதிப்பிடுவதற்காக வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த பேராசிரியர். இந்தப் பக்கம் நானும் என் மேற்பார்வையாளரும். பேராசிரியர், ஒரே பரிசோதனையை நான் இரண்டு முறை செய்து வரைந்த இரண்டு வரைபுகளையும் அருகருகே வைத்து நீண்ட நேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முதல் தரம் ஒரு கதை. இரண்டாம் தரம் வேற கதை. பிள்ளை, இது விஞ்ஞானம் இல்லை. எலி வளர்க்கிறது."

எலி வளர்க்கிறதாம்! ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்தில் கோதுமை மா ஏற்றும் கப்பல் ஒன்று சாவகாசமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்தேன். வாயைத் திறந்திருந்தால் அன்றோடு என் பட்டம் போயிருக்கும்.

அவர் என்ன கதையைச் சொன்னார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உடலில் ஒரு செல்லுக்கு ஆபத்து வந்தால் அது சும்மா கிடக்காது, கூப்பாடு போடும். அந்தக் கூப்பாடு ஒரு புரதம். இன்டர்பெரோன் என்று பெயர். அதைக் கேட்பதற்கு மற்றச் செல்களின் மேல் காது போல ஓர் ஏற்பி இருக்கிறது. அந்தக் காதைச் செய்யும் மரபணுவை நீக்கிவிட்டால், கூப்பாடு கேட்காத எலி பிறக்கும். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. மற்றவை போலவே கறுப்பு நிறம், மற்றவை போலவே துறுதுறுப்பு, கதவைச் சாத்தினால் துள்ளி எழும்பும். இருந்தாலும் எங்கள் எலிக்கூடத்தில் அவற்றுக்குச் செவிடன்கள் என்றுதான் பெயர். பெயர் வைத்தவர் கூடத்தைப் பராமரிக்கும் அண்ணன். திருகோணமலை நகரத்துக்காரர், நெற்றியில் திருநீறு இல்லாமல் கூண்டைத் தொடமாட்டார்.

நரம்பைச் சுற்றியிருக்கும் உறையின் புரதத்தில் கொஞ்சத்தை எலிக்கு ஊசியாக ஏற்றினால், உடலின் காவற்படை குழம்பிப்போய்த் தன் நரம்பையே தாக்கத் தொடங்கும். மூளையிலும் முள்ளந்தண்டு நரம்பிலும் அழற்சி வரும். சுகமான எலியின் வாலைப் பிடித்துத் தூக்கினால் வால் விரலைச் சுற்றிக்கொள்ளும். நோய் பிடித்து வருத்தம் தொடங்கிய எலியின் வால் நனைந்த நூல் போலத் தொங்கும். பிறகு பின்னங்கால் தள்ளாடும், பிறகு இழுபடும். மனிதரிலும் இதற்கு இணையான வருத்தம் உண்டு. கண் மங்கும், கால் மரத்துப்போகும், வாழ வேண்டிய வயதில் ஆளைச் சில்லுக் கதிரையில் இருத்திவிடும். அதற்காகத்தான் இந்த வேலை. எலியை வருத்துவதற்காக இல்லை. ஒவ்வொரு கூண்டைத் திறக்கும்போதும் நான் எனக்கே இதைச் சொல்லிக்கொள்வேன்.

கூப்பாடு கேட்டால்தானே கூட்டம் கூடும், ஆகவே செவிட்டு எலிக்கு வருத்தம் குறைவாக வரும் என்பதுதான் குழுவில் பலருடைய எண்ணம். நான் சொன்னது நேர்மாறு. அந்தக் கூப்பாட்டுக்குள்ளே "போதும், நிறுத்து" என்ற சொல்லும் இருக்கிறது, அதைக் கேட்காத எலிக்குத்தான் வருத்தம் கூடும் என்றேன். முதல் தரம் அப்படியே வந்தது. செவிடன்கள் விழுந்து கிடந்தார்கள், மற்றவை விழுந்தாலும் எழும்பிச் சமாளித்தன. எனக்குப் புழுகத்தில் தலைகால் தெரியவில்லை. ஆனால் இரண்டாம் தரம் இரண்டு கூட்டமும் ஒரே மாதிரி விழுந்தன. எந்த வித்தியாசமும் இல்லை. புழுகம் எல்லாம் புஸ்ஸென்று போய்விட்டது.

"இன்னுமொரு தரம் செய்யிறம்," என்றார் என் மேற்பார்வையாளர். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அதுவும் சரிவராட்டி எலிக்கூடத்தை நாங்களே மூடுறம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூடுவது என்றால் கதவைப் பூட்டிவிட்டுப் போவது இல்லை. எலிகள் அவ்வளவையும் கொல்வது. அந்த வம்சத்தை வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்க நான் ஏறி இறங்கிய கந்தோர்கள் எத்தனை! "நாட்டில எலிக்கா பஞ்சம்?" என்று சுங்கத்தில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதுக்குள் இருக்கிறது. அழிந்தால் திரும்ப எடுப்பது நடக்கிற காரியமில்லை. என் இத்தனை வருட உழைப்பும் அவற்றோடு சேர்ந்து குழிக்குள் போகும்.

பேராசிரியர் தலையை ஆட்டினார். "சரி. கடைசித் தரம். முடிவு சொல்லேக்க நானும் வாறன்."

வெளியே வந்ததும் மேற்பார்வையாளரைப் பிடித்துக்கொண்டேன். "மடம், நீங்க என்ன கதை கதைச்சிட்டு வந்தீங்க? என்ட எலிய நீங்க பணயம் வைக்கிறீங்களா?"

"பிள்ளை, நான் அப்பிடிச் சொல்லாட்டி அவர் இண்டைக்கே மூடச் சொல்லியிருப்பார். கோபத்தைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வைச்சிட்டு முடிவு ஏன் மாறி வந்தது எண்டு யோசியுங்க."

யோசிக்காமலா இருந்தேன்? என் ஊரான கிண்ணியாவுக்குப் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அதே யோசனைதான். பாலத்தில் பஸ் ஏறும்போது எல்லோரும் கடலைப் பார்ப்பார்கள், நான் எலியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஊசி மருந்து அதே மருந்து. சாப்பாடு அதே சாப்பாடு. தண்ணீர், வெளிச்சம், வயது எல்லாம் அதே. மாறியது ஒன்றே ஒன்று. முதல் தரம் செவிடன்களின் கூண்டுகள் வாசல் பக்கத்து ராக்கையில் இருந்தன. பிறகு ராக்கைகளுக்குப் பெயின்ற் அடித்துத் திருப்பி வைக்கும்போது, மற்ற எலிகள் வாசலடிக்கு வந்துவிட்டன. வாசலடியில் அப்படி என்ன இருக்கிறது? கச்சான் காற்று வரும், சூடு வரும் என்று நினைத்து அளந்து பார்த்தேன். சூட்டில் ஒரு வித்தியாசமும் இல்லை. சத்தமா என்றால், கூடத்துக்கு முன்னால் புல் மேய வரும் புள்ளிமான்களைத் தவிர அந்தப் பக்கம் வருவார் யாருமில்லை.

விடை எங்கள் வீட்டுக்குள்ளேதான் இருந்தது. ஒரு வியாழன் பின்னேரம். எங்கள் கணக்கில் அது வெள்ளிராவு. மஃரிப் தொழுதுவிட்டு உம்மா சாம்பிராணிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அறை அறையாகப் போவது வழக்கம். அன்றைக்கு என் கூடப்பிறந்த ராத்தாவின் பிள்ளையும் வீட்டில் இருந்தது. சின்னது, நெஞ்சில் அடிக்கடி இழுப்பு வரும்.

"மகள், புள்ளையத் தூக்கிட்டு வெளிய போ. பொகை பட்டா இழுப்புக் கூடும்," என்றா உம்மா.

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேற்றடியில் போய் நின்றேன். ஜன்னல் வழியாக அந்த வாசம் வந்தது. எனக்குப் பிடித்த வாசம்தான். ஆனால் அன்றைக்கு அது வீட்டில் இருந்து வந்த மாதிரி இல்லை. வெள்ளிக்கிழமைகளில் எங்கள் எலிக்கூடத்தில் வருகிற அதே வாசம் அல்லவா இது?

"யா அல்லாஹ்!" என்று நான் போட்ட சத்தத்தில் பிள்ளை வீரிட்டு அழத் தொடங்கிவிட்டது.

உம்மா சட்டியோடு ஓடி வந்தா. "என்ன மகள், பாம்பா?"

"இல்ல உம்மா, சாம்பிராணி!"

"சாம்பிராணிக்கா இந்தக் கத்துக் கத்தினாய்? விசரா உனக்கு? அயலட்டை என்ன நினைக்கும்?"

அயலட்டை என்னத்தையாவது நினைத்துவிட்டுப் போகட்டும். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இழுப்பு வருகிற பிள்ளையை வெளியே கொண்டு போக எங்களுக்குத் தெரியும். எலிகளை யார் வெளியே கொண்டு போனது? வெள்ளிக்கிழமை தவறாமல் அண்ணன் கூடத்துக்குள் சாம்பிராணி காட்டுவார். நுளம்புக்கும் ஆச்சு, கண்ணூறுக்கும் ஆச்சு. அது பிழை என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கோயிலிலும் அதே புகை, எங்கள் வீட்டிலும் அதே புகை, பிறந்த நாளிலிருந்து சுவாசித்த புகை. எலி வளர்ப்பதற்கு நாங்கள் பின்பற்றிய விதிமுறைகளில் வாசனைச் சோப்புப் போடாதே என்றுகூட இருக்கிறது. சாம்பிராணி போடாதே என்று இல்லை. அதை எழுதியவர்களுக்கு இப்படி ஒரு வெள்ளிக்கிழமை இருப்பது தெரியாது. அவ்வளவு ஏன், அந்தப் பேராசிரியரே எங்கள் கூடத்தை முதன்முதல் பார்க்க வந்தபோது மூக்கை உறிஞ்சி, "ஆ, நல்ல வாசம்," என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

நரம்பைத் தாக்கப் போகும் செல்கள் போகிற வழியில் நுரையீரலில் தரித்துத்தான் உசார் பெறுகின்றன என்று நாங்கள் எல்லோரும் படித்திருந்தோம். நுரையீரலுக்குள் புகை போனால் அவற்றுக்கு இன்னும் உசார். படித்தது ஒரு பக்கம், வெள்ளிக்கிழமை இன்னொரு பக்கம் என்று இருந்துவிட்டோம்.

மறுநாள் பஸ்ஸால் இறங்கி ஓட்டமும் நடையுமாகப் போனேன். அண்ணன் கூடத்துக்கு வெளியே குந்தியிருந்து சிரட்டைக் கரியை ஊதிக்கொண்டிருந்தார்.

"அண்ணன், உள்ளுக்குப் போகாதீங்க! அப்பிடியே நில்லுங்க!"

"ஏன் மிஸ்? என்ன நடந்தது?"

"சாம்பிராணிய நீங்க எங்க இருந்து காட்டத் தொடங்குவீங்க?"

"வாசலடியில இருந்துதான். அதிலதானே நுளம்பு கூட. உள்ளுக்குப் போகப் போக நெருப்பும் தணிஞ்சிடும்."

நான் அப்படியே படியில் குந்திவிட்டேன். விளக்கிச் சொன்னபோது அவருக்கு முகம் செத்துப்போய்விட்டது. "ஐயோ மிஸ், நல்லதுக்கு எண்டுதானே செய்தனான்."

"நல்லதுக்குத்தான் அண்ணன். எங்க எல்லாருக்கும் நல்ல வாசமாத்தான் இருந்தது. இனிச் சட்டி வெளிய. உள்ளுக்கு நுளம்பு வலை."

அதன்பிறகுதான் எனக்கு உள்ளுக்குள் பயம் பிடித்தது. முதல் தரம் வாசலடியில் செவிடன்கள். அவர்கள் விழுந்தது மரபணுவால் இல்லாமல் வெறும் புகையாலாகவும் இருக்கலாமே? அப்படியென்றால் பேராசிரியர் சொன்னது சரி, நான் எலி வளர்த்திருக்கிறேன். ஆனால் யோசிக்க யோசிக்க ஒரு விசயம் பிடிபட்டது. எல்லாம் புகையின் வேலை என்றால், இரண்டாம் தரம் வாசலடியில் இருந்த மற்ற எலிகள் செவிடன்களைவிட மோசமாக விழுந்திருக்க வேண்டும். விழவில்லையே! சமமாகத்தானே விழுந்தன! அப்போ, புகை அவ்வளவாகப் படாமல் உள்ளுக்கு இருந்த செவிடன்களைச் சரிக்குச் சரி தள்ளியது எது? இதை மேற்பார்வையாளரிடம் சொன்னபோது அவர் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, இதைத்தான் நாங்கள் இனிக் காட்ட வேணும்," என்றார்.

மூன்றாம் தரத்துக்கு நான் எலிகளைப் பிரித்து வைக்கவேயில்லை. பாதிக் குட்டிகள் செவிடாகவும் பாதி கேட்பவையாகவும் பிறக்கும்படி சோடி சேர்த்தேன். ஒரே வயிற்றில் பிறந்தவை ஒரே கூண்டில், ஒரே தண்ணீர், ஒரே காற்று. எது செவிடு, எது கேட்கும் என்று எனக்கும் தெரியாது, ஒருவருக்கும் தெரியாது. அதைச் சொல்லக்கூடிய வால் நுனித் துண்டுகளை எடுத்துக் குளிர்ப்பெட்டியில் போட்டுவிட்டேன். எல்லாம் முடியும்வரை சோதிப்பதில்லை என்று முடிவு. ராக்கைகளையும் அடிக்கடி இடம் மாற்றினோம். பேராசிரியர் எந்த ஓட்டையில் விரலை விடப் பார்ப்பாரோ அந்த ஓட்டையை எல்லாம் அடைத்தேன்.

தினமும் வாலைப் பிடித்துத் தூக்கிப் பார்ப்பது, பின்னங்காலைப் பார்ப்பது, எழுதுவது. நடக்க முடியாதவற்றுக்கு ஊறவைத்த தீனியைத் தரையிலேயே வைப்பது. தாங்கமாட்டாமல் போனவற்றை நோகாமல் போகவிடுவது. அப்படி ஒன்றை விட்ட நாளில் நான் யாரோடும் கதைக்க மாட்டேன்.

அண்ணனுக்கு மட்டும் வாய் சும்மா கிடக்காது. "மிஸ், இந்தா கிடக்கிறது செவிடன்தான். எழுதித் தாறன்."

"வாய மூடுங்க அண்ணன்! நீங்க சொன்னா எனக்கு அது மனசில நிண்டிடும்!"

"சரி சரி, நான் ஒண்டும் சொல்லேல்லை. ஆனா பாருங்க, இது செவிடன்தான்."

நாட்கள் போகப் போக, ஒவ்வொரு கூண்டிலும் ஒரே மாதிரி நடந்தது. எல்லாம்தான் விழுந்தன. ஆனால் ஒரு பங்கு கொஞ்சம் கொஞ்சமாக எழும்பியது. கால் ஊன்றும், கூண்டுக் கம்பியைப் பிடிக்கும், ஒரு நாள் வால் மெல்ல என் விரலைச் சுற்றும். கூடப் பிறந்த மற்றப் பங்கு எழும்பவேயில்லை. நடுவில் ஆளே இல்லை. ஆனால் வால் துண்டுகள் இன்னும் குளிர்ப்பெட்டியில்.

முடிவு பார்க்கும் நாள் குழு முழுக்க வந்தது. பேராசிரியரும் வந்தார். வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினார். "இண்டைக்கு வாசம் ஒண்டும் இல்லையே," என்றார். காரணத்தை மேற்பார்வையாளர்தான் எல்லோருக்கும் ஆறுதலாக விளக்கினார். பேராசிரியர் தாடியைத் தடவினார்.

வால் துண்டுகளிலிருந்து எடுத்த மரபணுவை, மின்சாரம் பாய்ச்சி ஜெலி என்னும் களிக்குள் ஓடவிட்டிருந்தோம். கேட்கும் எலி என்றால் இரண்டு கோடு விழும். செவிடு என்றால் ஒரே கோடு. விளக்கின் கீழ் வைப்பதற்கு முன்னால் நான் எழும்பி நின்றேன். மேற்பார்வையாளர் என் கையைப் பிடித்து இருத்தப் பார்த்தார், நான் இருக்கவில்லை.

"சேர், ஜெலிய இன்னும் ஒருத்தரும் பார்க்கல்ல. இடப்பக்கம் நான் விட்டிரிக்கிறது எழும்பாத எலிகள். வலப்பக்கம் எழும்பினதுகள். இடப்பக்கம் ஒரு கோடு, வலப்பக்கம் ரெண்டு கோடு விழும். விழாட்டி நீங்க சொல்லவே தேவையில்ல, கூடத்த நானே பூட்டித் திறப்பத் தாறன்."

அண்ணன் கதவடியில் நின்று கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். நான் பிஸ்மி சொல்லி விளக்கைப் போட்டேன்.

இடப்பக்கம் ஒன்று, ஒன்று, ஒன்று. வலப்பக்கம் இரண்டு, இரண்டு, இரண்டு. பிடித்து வைத்த மாதிரி! பேராசிரியர் குனிந்து மூக்கு முட்டப் பார்த்தார். விரலை ஓரிடத்தில் வைத்தார்.

"இதில ரெண்டு கோடு தெரியுது. இது இடப்பக்கம்."

"ஓம் சேர். அந்த ஒண்டு மட்டும் எழும்பல்ல. எலிதானே சேர், மெசின் இல்லையே."

அவர் நிமிர்ந்தார். முகத்தில் சிரிப்பு வருவதை அவரால் மறைக்க ஏலாமல் போய்விட்டது. "பிள்ளை," என்றார், "அந்தக் கூப்பாட்டில நிறுத்து எண்டிறதும் இருக்குத்தான். நான் சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்கிறன். இது விஞ்ஞானம்."

அல்ஹம்துலில்லாஹ்! அழக்கூடாது என்று நினைத்தேன், அழுதுவிட்டேன். மேற்பார்வையாளர் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். அண்ணன் ஓடிப்போய்ச் சட்டியைக் கொளுத்திக்கொண்டு வந்து, கூடத்துக்கு நல்ல தூரத்தில் வேம்படியில் என்னை நிற்கவைத்துச் சுற்றிச் சுற்றிப் புகை காட்டினார். "கண்ணூறு முழுக்க உங்களிலதான் மிஸ்," என்றார். மான்கள் இரண்டு தும்மிக்கொண்டு விலகிப்போயின. எனக்கும் இருமல் வந்தது, ஆனால் நான் அசையவில்லை.

பின்னேரம் வாகனத்தில் ஏறப்போன பேராசிரியர் திரும்பி வந்தார். கொஞ்சம் தயங்கினார். அந்த மனிசன் தயங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"பிள்ளை, எங்கட கூடத்திலயும் இதைச் செய்து பார்க்க ஆசையா இருக்கு. உங்கட செவிட்டு எலியில ஒரு சோடி தருவீங்களோ?"

மூடுவதற்குத் தலையாட்டிய ஆள்! என் எலியைக் கேட்கிறார்! நான் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பட்டபாடு எனக்குத்தான் தெரியும்.

"தாராளமாத் தரலாம் சேர். ஆனா ஒண்டு. உங்கட கூடத்தில வெள்ளிக்கிழமையில என்ன கொளுத்துறவங்க எண்டு முதல்ல கேட்டுச் சொல்லுங்க."

சிரிக்கத் தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார். தலையைச் சொறிந்தார்.

"ஊதுபத்தி," என்றார் மெதுவாக. "வாசலடியில."

பிறகு தங்கள் கூடத்துக்கு அழைக்கக் கைபேசியை எடுத்துக்கொண்டு வேம்படிக்குப் போனார். அடுத்த கூட்டத்தில் எலிக்கூடத்தை மூடுவது பற்றி யாரும் பேசவில்லை. இன்னொரு ராக்கை வாங்குவது பற்றித்தான் பேசினார்கள்.